இருபத்தேழாம் நம்பர் கல்லு

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கங்க சார். பை இடிபடக் கூடாது. உள்ள ஒரு பாட்டில் இருக்கு. ஊறுகாய் இல்லீங்க. வயசானவன் பையில பாட்டில் இருந்தா ஊறுகாய்தானா? கல்லு. முழுக்கல்லு இல்ல, தூளும் துண்டுமா இருக்கு. ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடி மேல மெழுகு ஊத்தி வெச்சிருக்கேன். எரிமலைக் கல்லு சார். நம்பாட்டிப் போங்க.

நீங்க என்ன வேலை பண்றீங்க? கிரானைட், டைல்ஸ் கடையா? சேலத்துலயா? சரியாப் போச்சு. கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். கறுப்பு கிரானைட்டுன்னு ஊர் பூரா சமையல் மேடைக்குப் போட்டுக் குடுக்கறீங்களே, அது கிரானைட்டே கிடையாது. தெரியுமா? டாலரைட்டு. எரிமலையில வர பசால்ட்டுக்கு அது பங்காளி. பூமிக்குள்ளயே நின்னு நிதானமா ஆறினா அது, வாய் வழியா வெளிய வந்து சட்டுனு ஆறினா இது. கிரானைட்டுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. பேரை மாத்தி ஒட்டிட்டா கல்லு மாறிடுமா சார்? சிரிக்கறீங்க. உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாது.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? முப்பத்தி நாலு வருஷம் சார். மாதையன்னு பேரு. காலேஜ்ல ஜியாலஜி டிபார்ட்மெண்டு. வாத்தியார் இல்ல. வாத்தியாருங்க வேலையே செய்ய மாட்டாங்க, பேசுவாங்க. நான் கல்லு வெட்டறவன். கல்லை வாள்ல அறுத்து, வில்லை போட்டு, கண்ணாடியில ஒட்டி, கார்போரண்டம் பொடியைத் தண்ணியில கலந்து அது மேல எட்டு போட்டுத் தேய்க்கணும். தேய்ச்சுத் தேய்ச்சு தலைமுடியில பாதி கனத்துக்குக் கொண்டு வரணும். அப்பத்தான் வெளிச்சம் கல்லுக்குள்ள பூந்து வெளிய வரும். அப்பத்தான் அந்தப் பெரிய மனுசங்களுக்கு மைக்ராஸ்கோப்புல ஏதாவது தெரியும். ரெண்டு தேய்ப்பு அதிகமாப் போச்சுன்னா கல்லு கண்ணாடியை விட்டே காணாமப் போயிடும். ரேஷன் கடை மெஷின்ல என் ரேகை விழாது சார். பாருங்க விரலை. எல்லாம் அந்தக் கல்லுங்க தின்னதுதான்.

முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு கல்லு கெட்டதில்லை. ஒரு நம்பர் மாறினதில்லை. டிபார்ட்மெண்டுல யாரை வேணும்னாலும் கேளுங்க.

இப்ப அதைத்தான் சொல்லப் போறேன், சென்னையில. கமிட்டியாம். மூணு பேராம். மூணு பேரும் கல்லு வெட்டியிருப்பானுங்கன்னு நினைக்கறீங்க? தேங்காய் உடைக்கத் தெரியாது அவனுங்களுக்கு.

விஷயம் என்னன்னா, ஒரு பொண்ணு. ஜெனிட்டான்னு பேரு. தூத்துக்குடிக்காரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால எங்க காலேஜ்ல டாக்டர் பட்டத்துக்குப் படிச்சா. அந்தமானுக்குக் கிழக்கே கடல்ல ஆளே இல்லாத ஒரு எரிமலைத் தீவு இருக்கு. கோஸ்ட் கார்டு கப்பல்ல சிபாரிசு புடிச்சு ரெண்டு தடவை போயிட்டு வந்தா. அங்க என்னடி இருக்குன்னு கேட்டேன். ஆடு இருக்குன்னா. ஆட்டைப் பாக்க அவ்வளவு தூரமான்னு கேட்டேன். சிரிச்சா. நல்லாச் சிரிப்பா, அதை மட்டும் சொல்லணும்.

நாப்பத்தியொரு கல்லு கொண்டு வந்தா. சாக்குல கட்டி. ஒவ்வொண்ணுலயும் வெள்ளைப் பெயிண்டு ஒரு பொட்டு வெச்சு, அது மேல கறுப்பு மையில நம்பர். மலை அடிவாரத்துல கிடக்கற பழைய பாறையிலேர்ந்து ஆரம்பிச்சு, மேல போகப் போகப் புதுசு. நம்பரு எடுத்த வரிசைப்படி, வயசுப்படி இல்ல; இருபத்தேழுதான் இருக்கறதுலயே புதுசு. வாய்க்குப் பக்கத்துல, கொஞ்ச வருஷம் முன்னால கக்கினது. அதை எடுக்கப் போயி இவ ஷூ அடி உருகிப் போச்சாம். கப்பல்லேர்ந்து மைக்குல கத்தறாங்களாம், வாம்மா, வாம்மான்னு. ஒரே ஒரு துண்டு, கைமுட்டி அளவு, எடுத்துக்கிட்டு ஓடி வந்திருக்கா. படகுல உக்காந்து, வாந்தி எடுத்துக்கிட்டே நம்பர் எழுதியிருக்கா. ஏழு சாஞ்சு கிடக்கும். இப்பவும் சாஞ்சுதான் கிடக்கு.

எதுக்கு இத்தனை பாடுன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். அவ வாத்தியார் சபாநாயகம் சார் ஒரு கதை சொல்லுவாரு. தீவுக்கு அடியில கல்லுக் குழம்பு தேங்கிக் கிடக்குமாம். அது மெல்ல ஆறும்போது பச்சையா ஒரு மணி முதல்ல உறையும். ஆலிவின்னு பேரு. கனமான சரக்கு, அடியில போயி உக்காந்துக்கும். ரசம் வெச்சு இறக்கினா மண்டி அடியில, தெளிவு மேல வருதில்ல, அதேதான். அதனால முதல்ல கக்கின கல்லுல பச்சை நிறைய இருக்கும். வர வரக் குறையும். கடைசியாக் கக்கினதுல பச்சையே இருக்காது, வெறும் சாம்பல் நிறக் கட்டிதான். அந்தத் தீவுல ஒரே பானை, ஒரே ரசம், புதுசா ஒரு கரண்டிகூட யாரும் ஊத்தலைன்னு சார் இருவது வருஷமாப் புஸ்தகம் எழுதிக்கிட்டிருந்தாரு. தீவுக்கு ஒரு தடவைகூட அவர் போனதில்லை. கப்பல் ஆகாது அவருக்கு.

அப்ப நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், எதுக்கு நாப்பத்தியொரு கல்லு, என் உயிரை எடுக்கவான்னு. அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "அண்ணே, சோத்துப்பானைக் கணக்கு கல்லுக்கு ஆகாதுண்ணே. முதல்ல வந்தது வேற, பொறவு வந்தது வேறயா இருக்கும். ஒவ்வொண்ணையும் தனியா வெட்டித்தான் பாக்கணும்"னா. எனக்கே பாடம் எடுக்கறா. மெத்தப் படிச்ச மூஞ்சூறு கழுநீர்ப் பானையில விழுந்த கதைதான் இவங்க கதை.

அது மட்டுமா? இருபத்தேழு மேல ஒரு சீட்டு கட்டியிருக்கா. "அண்ணே, இது ரொம்பப் பொத்தலா இருக்கு. அரால்டைட் பசையில ஊற வெச்சு, காய வெச்சு, அப்பறமா வெட்டுங்க." கொல்லத் தெருவுல ஊசி விக்கறா பாருங்க! நான் வேலைக்குச் சேந்தப்ப இவ பொறந்திருக்கவே மாட்டா. சீட்டைக் கசக்கிப் போட்டேன். ஆமா, போட்டேன். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? உங்க கடைக்கு ஒருத்தி வந்து, இப்படித்தான் டைல்ஸ் ஒட்டணும்னு சொன்னா சும்மா இருப்பீங்களா?

ஆத்தூர் வந்துடுச்சா? டீ வேணாம் சார். நான் வெளிய எதுவும் சாப்பிடறதில்ல.

எங்க விட்டேன்? ஆங். வாள்ல வெச்சேன். அந்தச் சமயம் பாத்து ஆபீசுல புதுசா ஒரு வாள் வாங்கியிருந்தாங்க. கழிசடை வாள். பல்லு ஆடும். அதை வாங்கினவனை முதல்ல உள்ள தூக்கிப் போடணும். வெச்சேன், அவ்வளவுதான். பொருபொருன்னு... கடலை உருண்டை உடையற மாதிரி. வாளுக்கு அடியில தட்டுல சாம்பலா ஒரு குமியல் கிடக்கு. நம்பர் எழுதின பக்கம் மட்டும் ஒரு சில்லு முழுசா இருக்கு. இருபத்தேழு, சாஞ்ச ஏழோட, என்னையே பாத்துக்கிட்டுக் கிடக்கு.

ஆமா சார். கெட்டுச்சு. இப்பத்தான் கெட்டதில்லைன்னு சொன்னேன், தெரியும். அது கெட்டதுல சேராது. வாள் கெடுத்தது அது.

என்ன பண்ணச் சொல்றீங்க? அவகிட்டப் போயி, நீ சீட்டு எழுதினே, நான் கசக்கிப் போட்டேன், கல்லு போச்சுன்னு சொல்லவா? அவ ஷூ உருகினதை டிபார்ட்மெண்டு பூரா நாலு நாளாப் பேசிக்கிட்டிருக்கான். பியூன் வரைக்கும் பேசறான். ராத்திரி சாப்பாடு இறங்கலை எனக்கு. மறுநாள் காலையில மூணாம் நம்பரை எடுத்தேன். அடிவாரத்துப் பழைய பாறை, பெரிய கல்லு, நிறைய மிச்சம் இருந்துச்சு. அதுலயும் ஒரு ஓரம் பொத்தல் பொத்தலா இருந்துச்சு. அந்த ஓரத்துல ஒரு வில்லை அறுத்து, ஒட்டி, தேய்ச்சு, வைர ஊசியால கண்ணாடியில இருபத்தேழுன்னு எழுதினேன். ஐதராபாத் லேபுக்குச் சோதனைக்கு அனுப்பப் பொடி கேட்டிருந்தா, அதையும் அதுலயே அரைச்சுக் குடுத்தேன். எதுலயும் குறை வைக்கலை. அந்த மாதிரி ஒரு ஸ்லைடு என் ஆயுசுல நான் போட்டதில்ல சார். அவ்வளவு சுத்தம்.

அப்படிப் பாக்காதீங்க. ஒரே தீவு. ஒரே மலை. ஒரே வாய். அதே வாய் கக்கினதுதானே ரெண்டும்? ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்.

பத்து நாள் கழிச்சு அந்தப் பொண்ணு ஓடி வரா, கையில ஸ்லைடை வெச்சுக்கிட்டு. "மாதையண்ணே, மூணும் இருபத்தேழும் அச்சு அசல் ஒண்ணா இருக்குண்ணே! பச்சை மணி அப்படியே கிடக்கு! அப்ப அந்தப் பானை தீந்து போகலைண்ணே. ஆதியில வந்த அதே சரக்கு அடியிலேர்ந்து திரும்பவும் புதுசா ஏறி வந்திருக்கு!" அப்படியே குதிக்கறா. இருவது வருஷமா சபாநாயகம் சார் சொன்னது தப்புங்கறா. தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா கொண்டு வந்து, முதல் மக்ரூனை என் வாயில போட்டா. "நீங்க இவ்வளவு நல்லா வெட்டித் தரலேன்னா இது தெரிஞ்சிருக்குமாண்ணே?"ன்னா.

சொல்லியிருக்கலாம்தான். வாயில மக்ரூன் இருந்துச்சு சார். அது கரையறதுக்குள்ள அவ சபாநாயகம் சார் ரூமுக்கு ஓடிட்டா.

அப்பறம் ஒரு வருஷம் சண்டை. சார் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. இவ விடலை. வேற வாத்தியாரைத் தேடிப் புடிச்சு, எல்லாத்தையும் திரும்ப எழுதி, பட்டம் வாங்கிட்டா. வெளிநாட்டுப் பத்திரிகையிலயெல்லாம் வந்துச்சாம். சென்னையில வேலை, பேரு, மாநாடு, மாலை. சபாநாயகம் சார் அதுக்கப்பறம் கிளாசுல அந்தத் தீவைப் பத்திப் பேசவே மாட்டாரு. பாவமாத்தான் இருந்துச்சு. இருக்கட்டுமே. ஒரு தடவை கப்பல் ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும்ல? ஊட்டுக்குள்ள உக்காந்து உலகத்தை அளக்கற ஆளுங்களுக்கு அப்படித்தான் ஆகும்.

அவ புஸ்தகத்துல முதல் பக்கத்துல என் பேரு இருக்கு. இங்கிலீஷ்லதான். பக்கத்து வீட்டு வக்கீலைப் படிக்கச் சொன்னேன். எனக்கு மனப்பாடம். "இந்த ஆய்வில் எனக்குச் சந்தேகம் இல்லாத ஒன்று உண்டென்றால் அது மாதையன் அண்ணனின் கை." முப்பத்தி நாலு வருஷத்துல எத்தனை டாக்டருங்களுக்குக் கல்லு வெட்டிக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஒருத்தன் என் பேரைப் போட்டதில்லை. ஒருத்தன். இவ ஒருத்திதான் போட்டா. அதுவும் அந்த ஒரு கல்லுக்கு.

தண்ணி இருக்கா சார் உங்ககிட்ட? குடுங்க. கள்ளக்குறிச்சித் தண்ணி உப்புக் கரிக்கும்.

இப்ப என்ன ஆச்சுன்னா, போன வருஷம் வேற ஒரு கூட்டம் அந்தத் தீவுக்குப் போயிருக்கு. அதே இடத்துல அஞ்சு கல்லு எடுத்து வந்திருக்கான். ஒண்ணுலயும் பச்சை இல்லை. சபாநாயகம் சார் சொன்ன மாதிரியே வெறும் சாம்பல் கட்டிதான். உன் இருபத்தேழைக் காட்டுன்னு கேட்டிருக்கான். இவ, எல்லாம் வெட்டறப்பவே தீந்து போச்சுன்னு சொல்லியிருக்கா. நான்தான் அப்படிச் சொன்னேன் அவகிட்ட. சௌகரியமாத் தீந்து போச்சேன்னு அவனுங்க சிரிச்சிருக்கானுங்க. பேரு வாங்கறதுக்காக வேற கல்லை வெச்சுப் பொய் எழுதிட்டான்னு புகார். தப்புப் பண்ணினான்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை சார், எல்லாரும் தப்புப் பண்றாங்க. பொய் எழுதினாங்கறான். நிரூபணம் ஆச்சுன்னா வேலை போயிடும். பட்டத்தையும் பறிச்சுடுவாங்களாம்.

போன வாரம் போன் பண்ணினா. "அண்ணே, நீங்க வந்து நான்தான் வெட்டினேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே. கல்லு ஏதும் மிச்சம் இருந்தா ஆண்டவர் புண்ணியம். இல்லேன்னாலும் உங்க வார்த்தை போதும்"ங்கறா. முட்டாள். இவ்வளவு படிச்சும் முட்டாள். பதினோரு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஸ்லைடு மேல சந்தேகப்பட்டிருந்தா வேற கல்லு எடுத்து வந்து பாத்திருக்கலாம்ல? இன்னொரு தடவை போயிருக்கலாம்ல? எந்தக் கல்லை எடுத்தாலும் நாலு தடவை திருப்பிப் பாப்பா. என் கையை மட்டும் திருப்பிப் பாக்கலை. தப்பு யாருது, சொல்லுங்க.

தூளை ஏன் வெச்சிருக்கேன்னா, எங்க டிபார்ட்மெண்டுல கல்லைத் தூக்கிப் போடற பழக்கம் கிடையாது. மிச்சம் மண்ணளவு இருந்தாலும் நம்பரோட எடுத்து வெச்சுடணும். அது ஒரு ஒழுங்கு. ரிட்டையர் ஆகறப்ப வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். பூஜை அலமாரிக்கு மேல வெச்சிருந்தேன். என் சம்சாரம் விபூதின்னு நினைச்சுக்கிட்டா. லென்சு வெச்சு எத்தனை தடவை பாத்திருப்பேன் தெரியுமா? ஒரு பச்சை மணிகூடக் கிடையாது சார். ஒண்ணே ஒண்ணு இருந்துடக் கூடாதான்னு பாத்தேன். இல்லை.

இன்னிக்கு இதைப் பாலாத்துல போட்டுடலாம்னுதான் எடுத்து வந்தேன். குப்பையில போட்டாத்தான் குத்தம். ஆத்துல போட்டா என்ன? எல்லாக் கல்லும் கடைசியில ஆத்துக்குத்தான் போகுது. போட்டுட்டு, கமிட்டியில போயி, நான்தான் வெட்டினேன், என் கையில ஒரு கல்லு கெட்டதில்லைன்னு சொல்லிட்டு, அடுத்த பஸ் புடிச்சு ஊருக்கு வந்துடுவேன். ஜன்னல் உங்க பக்கம் இருக்கு. மாமண்டூர் தாண்டினதும் பாலம் வரும், சொல்லுங்க. தண்ணியா? பாலாத்துல எப்பச் சார் தண்ணி இருந்துச்சு? மணல்ல விழுந்தாப் போதும்.

நான் உண்மையைச் சொன்னா அவளுக்கு நல்லதுன்னு சொல்லாதீங்க. எனக்குத் தெரியாதா? அவ எழுதினது பூராத் தப்புன்னு ஆயிடும். ஆனா பொய்யின்னு ஆகாது. அவ தலை தப்பும். என் தலை? முப்பத்தி நாலு வருஷம் சார். எத்தனை ஆயிரம் கல்லு. அதுல ஒண்ணு இப்படின்னு தெரிஞ்சா மிச்சத்தை எவன் நம்புவான்? ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு மொத்தத்தையும் வழிச்சுக் கொட்டிடுவாங்க.

இருங்க, போன் அடிக்குது.

ஹலோ. ஆங், நான்தாம்மா. வந்துட்டேன், மாமண்டூர் கிட்ட. சாப்ட்டேன்மா. இட்லிதான், வீட்லேர்ந்து கட்டிக் குடுத்தா. நீ எதுக்கும்மா வரே? ஆட்டோ புடிச்சு வந்துடுவேன். சரி, சரி, பெருங்களத்தூர்லயே இறங்கறேன். என்னது? எழுதியே குடுத்துட்டியா? எதுக்கும்மா அப்படி எழுதினே? அப்படியெல்லாம் எழுதிக் குடுக்கலாமா? உனக்குப் புத்தி இருக்கா?... இரு. ஒரு நிமிஷம் இரு. ஜெனிட்டா, இருபத்தேழு இருக்கு. ஆமாம்மா. மிச்சம் இருக்கு. பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன். நீ எழுதின நம்பரும் இருக்கு, ஏழு சாஞ்சுக்கிட்டு. கொண்டாறேன். அழாதே. அழாதேங்கறேன்ல. வெக்கறேன்.

பாலம் எங்க? போயிடுச்சா? எப்பச் சார் போச்சு? பாத்துக்கிட்டுத்தானே வந்தீங்க? ஏன் சொல்லலை? வாயில என்ன கொழுக்கட்டையா? நல்ல ஆள்கிட்டச் சொன்னேன். டைல்ஸ் விக்கறவனை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

என்ன எழுதிக் குடுத்திருக்கா தெரியுமா கமிட்டிக்கு? "இந்தக் கல்லை வெட்டியவர் மாதையன் அண்ணன். அவர் கையில் சந்தேகம் என்றால் இந்த வேலையே எனக்கு வேண்டாம்." கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. கிறுக்குப் புள்ளை. இப்பக் கல்லு இருக்குன்னு சொன்னதும் என்ன சொல்றா? "நான் பொழச்சேண்ணே. அதுல பச்சை தெரியும்ல, அது போதும்ணே"ங்கறா. அழுதுக்கிட்டே சிரிக்கறா சார். பெருங்களத்தூர்ல கார் வெச்சுக்கிட்டு நிப்பாளாம். வெயில்ல நிப்பா.

பச்சை இல்லைன்னு அவகிட்ட எந்த இடத்துல சொல்றது? இறங்கின உடனேயா? கார்லயா? கார்ல சொன்னா வண்டி ஓட்டுவாளா? இறங்கின உடனேதான் சொல்லணும். ரோட்டோரமா, நின்னபடியே. அவ எழுதின சீட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும். வாள்லேர்ந்து இல்ல, சீட்டுலேர்ந்து.

ஒரு கல்லு சார். எத்தனை ஆயிரத்துல ஒண்ணு. சோத்துப்பானைக் கணக்கு ஆகாது, ஒவ்வொண்ணையும் தனியாத்தான் பாக்கணும்னு அவதானே எனக்குப் பாடம் எடுத்தா? பெரிய படிப்பாளி. என்னைப் பாத்து அதை இன்னொரு தடவை சொல்றாளான்னு பாக்கறேன்.

பையைக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். பெருங்களத்தூர் வந்தா சொல்லுங்க சார். இதையாவது சொல்லுங்க.